இரத்தத்தின் கணக்கும் எலும்பின் கணக்கும்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கால்சியத்துக்கு நேராக 9.4 என்று அச்சாகி, பக்கத்திலேயே டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு என்ற குறிப்பும் இருந்துவிட்டால், எலும்புக்குக் குறையொன்றும் இல்லை என்று நிம்மதி கொள்பவர்கள் பலர். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லவே இந்தப் பதிவை எழுதுகிறேன். எலும்பைச் செலவழித்தாவது உடல் கட்டிக்காக்கும் எண் அது. எலும்பு ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டு வந்தாலும், பெரும்பாலானவர்களிடம் அந்த எண் அசைவதே இல்லை. ஏன் அசைவதில்லை என்பது விளங்க வேண்டுமானால், இரத்தத்துக்கும் எலும்புக்கும் இடையே தாதுக்கள் எவ்வாறு போய்வருகின்றன என்று பார்க்க வேண்டும். உடலியங்கியலில் எனக்கு மிகப் பிடித்தமான பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகள். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள கால்சியம் ஏறத்தாழ 1 கிலோகிராம். அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்திலும் திசுக்களுக்கு இடையிலான நீர்மத்திலும் கரைந்திருப்பதையெல்லாம் சேர்த்தாலும் 1 கிராம் அளவுக்குத்தான் வரும். இரத்தத்தில் இருப்பதிலும் பாதியளவுதான் தனி அயனியாக உலவுகிறது. 40 சதவீதம் அல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டியிருக்க, எஞ்சியது சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு பிணைந்திருக்கிறது. உடல் கண்காணிப்பது தனி அயனியை மட்டுமே. அல்புமின் குறைந்துபோன நோயாளிக்கு மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரிந்தாலும், அயனியின் அளவு சரியாகவே இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். பாஸ்பரஸ் உடலில் 700 கிராம் அளவுக்கு உண்டு; அதில் 85 சதவீதம் எலும்பில் இருக்கிறது. மெக்னீசியம் 25 கிராம். அதிலும் பாதிக்கு மேல் எலும்பில்தான்.

செல்லுக்கு உள்ளே இருக்கும் கால்சியம் அயனியின் செறிவு, வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தப் பெரும் வேறுபாட்டை நம்பியே நரம்பு செய்தியைக் கடத்துகிறது, தசை சுருங்குகிறது, இதயம் துடிக்கிறது. வெளியே அயனி குறைந்தால் நரம்புகள் தூண்டுதல் இல்லாமலேயே கிளர்ந்து, உதட்டைச் சுற்றி மரத்துப்போவதில் தொடங்கி, விரல்கள் இழுத்துக்கொண்டு, குரல்வளை இறுகும் வரை போய்விடலாம். மிகுந்தாலோ மந்தமும் நீர்வறட்சியும் வந்து இதயத்தின் தாளமும் கெடுகிறது. மெலிந்த எலும்பு முறிவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இரத்தத்தில் கால்சியம் வீழ்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. இரண்டில் எதை உடல் முதலில் காக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி எலும்பின் பக்கம் வருவோம். நீர்த்த அமிலத்தில் சில நாள்கள் ஊறிய எலும்பை ஆய்வகத்தில் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது. வடிவம் அப்படியே இருக்கும். முனைகளின் குமிழும் தசை ஒட்டியிருந்த மேடும்கூட மறைந்திருக்காது. ஆனால் வளைத்தால் ரப்பரைப்போல வளையும், மெல்லிய எலும்பாக இருந்தால் முடிச்சே போட்டுவிடலாம். அமிலம் தாதுவைக் கரைத்து எடுத்துக்கொண்டபின் எஞ்சியிருப்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். மாறாக, எலும்பைக் கடும் வெப்பத்தில் எரித்தால் புரதம் போய்த் தாது மட்டும் நிற்கும். வெண்மையான அந்த எச்சம் விரலால் அழுத்தினாலே பொடியாகும். எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருப்பது இந்தத் தாதுதான். வேதியியல் நூல்களில் ஹைட்ராக்சி அப்படைட் என்று காண்பது இதன் தூய வடிவம். உடலில் இருப்பது அவ்வளவு தூயதன்று. கார்பனேட், மெக்னீசியம், சோடியம், சிட்ரேட் எல்லாம் கலந்த, சில நானோமீட்டர் தடிமனே உள்ள நுண்படிகங்கள் நார்களின் உள்ளேயும் இடையேயும் செருகிக் கிடக்கின்றன. படிகங்கள் இவ்வளவு சிறியனவாக இருப்பதால்தான் அவற்றின் மொத்தப் பரப்பு மிகப் பெரியதாகிறது. கொடுக்கல் வாங்கல் நடப்பதும் அந்தப் பரப்பில்தான்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இரத்தத்தில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அப்படைட் படிகம் வளர்வதற்குத் தேவையான அளவைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. வெறும் வேதியியலிடம் விட்டுவிட்டால், நம் இரத்தக் குழாய்களும் மூட்டுகளும் கல்லாகிப்போக வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம், படிகம் உருவாவதைத் தடுக்கும் பொருள்கள் இரத்தத்திலும் திசுக்களிலும் எங்கும் இருப்பதே. கல்லீரல் சுரக்கும் ஃபெட்யூயின் என்ற புரதம் அவற்றில் ஒன்று. மெக்னீசியமும் ஓரளவு தடுக்கிறது. குழாய்ச் சுவர்களிலும் குருத்தெலும்பிலும் வேறொரு புரதம் காவல் இருக்கிறது. அதற்கான மரபணு நீக்கப்பட்ட எலிகள் தமனிகள் சுண்ணமாகி இரண்டு மாதங்களுக்குள் இறந்தன என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றொரு முக்கியமான தடுப்பான் பைரோபாஸ்பேட், அதாவது இரண்டு பாஸ்பேட்டுகள் இணைந்த சிறு மூலக்கூறு.

வளரும் எலும்பில் பாஸ்பேட் சேர்மங்களைப் பிளக்கும் நொதி ஒன்று நிறைந்திருப்பதை 1923-இல் ராபர்ட் ராபிசன் கண்டறிந்தார். அந்த நொதி பாஸ்பேட்டைக் கூட்டிக் கொடுப்பதால்தான் அங்கே தாது படிகிறது என்று அவர் கருதினார். 1960-களில் ஹெர்பர்ட் ஃபிளைஷும் அவருடன் பணியாற்றியவர்களும் பைரோபாஸ்பேட்டின் தடுக்கும் ஆற்றலைக் காட்டிய பிறகு அந்த நொதியின் வேலை வேறு வெளிச்சத்தில் தெரிந்தது: அது தடுப்பானையே வெட்டிப்போடுகிறது. இன்றைய ஆய்வக அறிக்கையில் அல்கலைன் பாஸ்படேஸ் என்று காணப்படும் எண்ணின் ஒரு பகுதி இந்த எலும்பு நொதியே. பிறவியிலேயே அது குறைந்த குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட் இரண்டுக்கும் பஞ்சமில்லாமல் இருந்தும் எலும்பு இறுகுவதில்லை. ஆகவே, உடலெங்கும் விதிக்கப்பட்டிருக்கும் தடை எலும்பில் மட்டும் விலக்கப்படுகிறது என்று புரிந்துகொள்வதே சரி. கால்சியத்தை நிறைய உள்ளே அனுப்பினால் அது தானாக எலும்பில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பரவலான நம்பிக்கை எவ்வளவு மேலோட்டமானது என்பது இதிலிருந்தே தெரியும்.

படிந்த தாது அங்கேயே உறைந்து கிடப்பதுமில்லை. இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் கியார்கி ஹெவெஷி. 1935-இல் கோபன்ஹேகனில் அவர் கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்து, அந்த அணுக்கள் எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தார். வளர்ச்சி முடிந்த எலிகளின் எலும்பிலும் புதிய பாஸ்பரஸ் அணுக்கள் நுழைந்தன, பழையவை வெளியேறின. ஒரு பாஸ்பரஸ் அணு எலியின் உடலில் தங்கும் சராசரிக் காலம் இரண்டு மாதங்கள் அளவுதான் என்று அவர் கணக்கிட்டார். எலும்பின் வடிவம் மாறாதிருக்க, அதை ஆக்கியிருக்கும் அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கதிரியக்க அணுக்களை அடையாளமாகக் கொண்டு ஆராயும் முறைக்காக 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இந்தப் போக்குவரத்து இரண்டு வேகங்களில் நடக்கிறது. ஒன்று விரைவானது. எலும்பை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்நோக்கியின் கீழ் வைத்தால், வட்ட வட்டமான அடுக்குகளும், அவற்றிடையே கறுத்த சிறு பொந்துகளும், ஒவ்வொரு பொந்திலிருந்தும் நாற்புறமும் பிரிந்து அண்டைப் பொந்துகளைத் தொடும் மயிரிழை வாய்க்கால்களும் தெரியும். உயிருள்ள எலும்பில் அந்தப் பொந்துகளில் வாழ்பவை ஆஸ்டியோசைட் என்னும் செல்கள். வளர்ந்த உடலில் இவை ஏறத்தாழ 4,200 கோடி இருக்கும் என்றும், அந்த வாய்க்கால்களின் சுவர்ப்பரப்பு 200 சதுர மீட்டருக்கும் மேல் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். வாய்க்கால்களில் நிரம்பியிருக்கும் நீர்மம் ஒருபுறம் படிகத்தைத் தொட்டுக்கொண்டும் மறுபுறம் செல்களைத் தொட்டுக்கொண்டும் இருக்கிறது. படிகப் பரப்பில் தளர்வாக ஒட்டியிருக்கும் அயனிகள் இந்த நீர்மத்தோடு ஓயாமல் இடம் மாறிக்கொள்கின்றன. எலும்பின் கட்டமைப்புக்கு இதனால் சேதம் எதுவும் இல்லை. இரத்தத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கங்களைச் சரிசெய்வதில் இந்தப் பரிமாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

மற்றொன்று மெதுவானது, அதில் எலும்பே உடைத்துக் கட்டப்படுகிறது. உடைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும், பல உட்கருக்களைக் கொண்ட பெரிய செல்கள். இவற்றின் வேலைமுறையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. இந்தச் செல் எலும்பின் பரப்பில் அமர்ந்து, தன் விளிம்பைச் சுற்றிலும் இறுக ஒட்டிக்கொண்டு, தனக்கும் எலும்புக்கும் நடுவே மூடிய சிறு அறை ஒன்றை உண்டாக்குகிறது. அறையை நோக்கிய சவ்வு மடிப்பு மடிப்பாகச் சுருங்கிப் பரப்பைப் பெருக்கிக்கொள்ள, அதிலுள்ள விசைப்புரதங்கள் புரோட்டான்களை உள்ளே தள்ளுகின்றன. கூடவே குளோரைடு அயனிகளும் போகின்றன. அறைக்குள் அமிலத்தன்மை ஏறி பிஎச் 4.5 அளவுக்கு வந்துவிடுகிறது. எட்டுப் புரோட்டான்கள் சேர்ந்தால் ஓர் அப்படைட் அலகு கரைந்து, பத்துக் கால்சியம் அயனிகளும் ஆறு பாஸ்பேட் அயனிகளும் விடுபடும். தாது நீங்கி அம்பலமான கொலாஜனைக் கேதெப்சின் கே என்னும் நொதி வெட்டுகிறது. சிதைவுகளைச் செல் தன் உடலுக்குள் வாங்கி மறுபுறமாக வெளியேற்ற, அவை இரத்தத்தை அடைகின்றன. புரோட்டானை ஆக்கித் தரும் நொதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு எலும்பு கரையாமல் அடர்ந்துகொண்டே போகிறது.

ஓரிடத்தில் உடைக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து முதலில் புரதப் பின்னலை இடுகின்றன. ஏறத்தாழ 10 நாள்கள் கழித்தே அதில் தாது படியத் தொடங்குகிறது. பெரும்பகுதி விரைவில் படிந்துவிட்டாலும், முழுமையாக இறுக மாதக்கணக்கில் ஆகும். பள்ளத்தை நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் வேண்டும் என்பதால், உடைப்பு எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் கூடினால் கட்டும் வேலை பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

இவை அனைத்தையும் இயக்கும் கட்டளை கழுத்திலிருந்து வருகிறது. தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகளின் செல்களில் கால்சியம் அயனியை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. 1993-இல் அது அடையாளம் காணப்பட்டது. அயனி சற்றே குறைந்தாலும் சில நொடிகளில் பாராதைராய்டு ஹார்மோன் வெளிப்படுகிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் சில நிமிடங்களே என்பதால், தேவை தீர்ந்ததும் கட்டளை தானாக அடங்குகிறது. எலும்பை உடைக்கும் செல்களுக்கு இந்த ஹார்மோன் நேராக ஆணையிடுவதில்லை. எலும்பைக் கட்டும் செல்களிடமும் ஆஸ்டியோசைட்டுகளிடமும் சொல்ல, அவை ஆர்ஏஎன்கேஎல் என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிட்டு உடைப்பவற்றை உருவாக்குகின்றன.

எலும்பு கரையும்போது கால்சியம் மட்டும் தனியே வருவதில்லை. பாஸ்பேட்டும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பாஸ்பேட் இரத்தத்தில் தேங்கினால் கால்சியத்தைப் பிணைத்துக்கொண்டு வந்த பயனையே கெடுத்துவிடும். ஆகவே அதே ஹார்மோன் சிறுநீரகத்திடம் கால்சியத்தைப் பிடித்துவைக்கவும் பாஸ்பேட்டை வெளியே விடவும் ஒருசேரச் சொல்கிறது. நாளொன்றுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் கால்சியம் 10 கிராம் அளவு; அதில் 98 சதவீதத்துக்கும் மேல் மீட்கப்படுகிறது. வைட்டமின் டி-யைச் செயல்படு வடிவத்துக்கு மாற்றி, குடல் கூடுதலாக உறிஞ்சும்படி செய்வதும் சிறுநீரகமே. மூன்று உறுப்புகளிலும் ஒரே சமயத்தில் இவ்வளவு பொருத்தமாக வேலை செய்யும் ஏற்பாட்டைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மலைப்பு ஏற்படுகிறது.

வைட்டமின் டி குறைந்து குடல் உறிஞ்சுவது போதாமல் போனால், இந்த ஏற்பாடு இரத்தத்தின் எண்ணைப் பிடித்து நிறுத்திக்கொண்டே எலும்பைக் கரைக்கிறது. கால்சியம் இயல்பாக இருக்கும், பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்திருக்கும், பாஸ்பேட் தாழ்ந்திருக்கும், அல்கலைன் பாஸ்படேஸ் ஏறியிருக்கும். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் எலும்பில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடியும்.

சுரப்பியே கட்டுப்பாட்டை மீறினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் பெரும் துன்பத்தின் வழியாகவே கற்றது. எலும்பு கரைந்து பொந்து விழும் நோயால் இறந்தவர்களின் பாராதைராய்டு வீங்கியிருப்பதைப் பார்த்தவர்கள், எலும்பு நோயைச் சமாளிக்கத்தான் சுரப்பி பெருத்திருக்கிறது என்று நினைத்தார்கள். 1925-இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் மாண்டல், இந்த நோயால் நடக்க முடியாமற்போன டிராம் நடத்துநர் ஒருவருக்கு, விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டு சுரப்பிகளையே முதலில் பொருத்திப் பார்த்தார், பலன் இல்லை. பிறகு துணிந்து கழுத்தைத் திறந்து, அங்கே இருந்த பாராதைராய்டு கட்டியை அகற்றினார். சிறுநீரில் கால்சியம் குறைந்தது, வலி தணிந்தது, நோயாளி மீண்டும் நடந்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகு நோய் திரும்பினாலும், காரணம் எது, விளைவு எது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இப்படிப்பட்ட கட்டியை அகற்றியபின் வரும் நிலையைப் பசித்த எலும்பு என்றே மருத்துவர்கள் அழைக்கிறார்கள். ஹார்மோன் திடீரென விழுந்ததும் உடைக்கும் வேலை நின்றுவிடும். ஏற்கெனவே தோண்டிய ஆயிரக்கணக்கான பள்ளங்களை நிரப்பும் வேலை மட்டும் தொடரும். இரத்தத்திலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் மெக்னீசியமும் எலும்புக்குள் பாய, இரண்டு மூன்று நாள்களில் கை கால் இழுப்பு வரலாம். நரம்பு வழியே கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். உயரத்தில் ஏறத்தாழ 18 சென்டிமீட்டரை இழந்திருந்த அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் மார்டெல், 1932-இல் ஏழாவது அறுவையில் மார்புக்குள் மறைந்திருந்த கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்த இழுப்புக்கு ஆளானார். சில வாரங்களில் இறந்தும் போனார்.

மெக்னீசியத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அது மிகவும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதே தடைப்பட்டு, எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் இரத்தத்தில் நிற்காது. மெக்னீசியம் கொடுத்தபின்தான் நிற்கும். ஈயமும் ஸ்ட்ரான்சியமும் ரேடியமும் கால்சியத்தின் இடத்தில் படிகத்துக்குள் நுழைந்துவிடக்கூடியவை. வளர்ந்தவர்களின் உடலில் சேர்ந்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, எலும்பு வேகமாகக் கரையும் கர்ப்ப காலத்திலும் முதுமையிலும் மீண்டும் இரத்தத்துக்குள் வருகிறது.

எலும்பு கட்டளைக்குக் கீழ்ப்படிவதோடு நிற்பதுமில்லை. பாஸ்பேட் மிகும்போது ஆஸ்டியோசைட்டுகள் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனைச் சுரந்து, பாஸ்பேட்டை வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்குச் சொல்கின்றன. சிறுநீரகம் பழுதான நோயாளிகளிடம் இந்த ஹார்மோன் பன்மடங்கு உயர்ந்தும் பயனில்லாமற்போக, பாஸ்பேட் தேங்கி, வைட்டமின் டி குறைந்து, பாராதைராய்டும் தூண்டப்பட்டு, எலும்பு மெலிய இரத்தக் குழாய் சுண்ணமாகிறது.

இழந்ததை எலும்பு மீட்டுக்கொள்ளும் காலமும் உண்டு. பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியத்தைப் பாலில் கொடுக்கிறாள். மார்பகமே பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தைச் சுரந்து, தாயின் எலும்பிலிருந்து அதைப் பெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்திருப்பதும் இதற்குத் துணை செய்கிறது. ஆறு மாதங்களில் முதுகெலும்பின் அடர்த்தி சில சதவீதம் குறைந்து, பால் மறந்தபின் ஓராண்டுக்குள் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் வரும் இழப்பு அப்படித் திரும்புவதில்லை. ஈஸ்ட்ரோஜன் திரும்பி வருவதில்லை என்பதால், உடைப்பின் கை ஓங்கியே இருக்கிறது.

அங்கேதான் மருந்துகள் தேவைப்படுகின்றன. பைரோபாஸ்பேட்டின் அமைப்பிலிருந்து பிறந்த பிஸ்பாஸ்போனேட்டுகள் படிகத்தில் ஒட்டிக்கொண்டு, அதைக் கரைக்க வரும் செல்லை முடக்குகின்றன. டெனோசுமாப் என்ற எதிர்ப்புரதம் ஆர்ஏஎன்கேஎல் சமிக்ஞையையே தடுக்கிறது. தொடர்ந்து மிகுந்தால் எலும்பைக் கரைக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டை, நாளுக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தினால் அதே எலும்பு வளர்கிறது என்பது இந்தத் துறையின் வியப்புகளில் ஒன்று. உடைப்பை நிறுத்தும் மருந்துகளைத் தொடங்குமுன் மருத்துவர் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரக நிலை ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எலும்பிலிருந்து வந்துகொண்டிருந்த வரத்தை மருந்து அடைத்துவிடும்போது, குடலிலிருந்தும் போதிய வரத்து இல்லையென்றால், இரத்தத்தில் கால்சியம் சில நாள்களிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த ஆபத்து மிகவும் அதிகம்.